கத்திவாக்கத்து மொட்டை மாடி: சுண்ணாம்பா, சோலாரா?

சென்னை மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்டம் 2023-இல் வெளியானது. 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியேறும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது, அதன் இலக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் அதுவரை சித்திரை மாத ராத்திரிகளில் வடசென்னைக் கத்திவாக்கத்தில் நான் தூங்கியாக வேண்டுமே! பகலெல்லாம் குடித்த வெயிலைக் காங்கிரீட் தளம் இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது. ஃபேன் போட்டால் அதே அனல் முகத்தில் அடிக்கும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. எங்கள் வீட்டு மேல்மாடிக்காரர்களுக்கு அது பழைய செய்தி.

மாடியை என்ன செய்யலாம் என்று யோசித்தபோது நாலைந்து வழி கண்ணில் பட்டது. தட்டோடு நன்றாகத்தான் இருக்கும், கொத்தனார் கூலியைக் கேட்டதும் விட்டுவிட்டேன். மாடித்தோட்டம் என்றால் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். மிஞ்சியது இரண்டு: வெயிலைத் திருப்பி அனுப்பும்படி தளத்துக்குச் சுண்ணாம்பில் வெள்ளையடிப்பது, சோலார் போடுவது. நான் வெள்ளையடித்தேன். மச்சான் மாதவரத்தில் சோலார் போட்டார்.

சோலாரின் பலம் ஊரறிந்தது. 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் கொடுக்கும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனல் விழும் இடத்தில் தளத்துக்கு நிழலும் கிடைக்கும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வரும் ஊரில், ஏசி இல்லாத வீட்டுக்கு மிச்சமாகும் பணம் பெரிதாக இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது அதுவும் இல்லை, தண்ணீர். எங்கள் எண்ணூர்ப் பக்கம் காலையில் மாடிப் படிக்கட்டில் விரலை வைத்து இழுத்தால் கறுப்பாக வரும். நிலக்கரித் தூசு, சாம்பல், லாரிப் புழுதி, மூன்றும் கலந்தது. அது பேனலில் படிந்தால் மின்சாரம் குறையும், அதனால் அடிக்கடி கழுவ வேண்டும். எதில் கழுவுவது? எங்கள் போர் தண்ணீர் உப்பு. பாத்ரூம் குழாயிலேயே வெள்ளைப் படலம் கட்டுகிறது, கண்ணாடியில் காய்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்படியானால் குடிக்கப் பிடித்து வைத்த மெட்ரோ (குடிநீர் வாரிய) தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்க வேண்டும். லாரி வராத நாளில் பேனலைக் கழுவுகிறேன் என்று சொன்னால் வீட்டில் அடிதான் விழும். கடல் காற்றில் இரும்பு ஸ்டாண்டு துருப்பிடிப்பது தனிக் கதை.

வெள்ளைப் பூச்சிலும் சாம்பல் படியும், பொய் சொல்லவில்லை. ஐப்பசி மழை முடியும்போது மாடி பழுப்பாகிவிடும். ஆனால் அதைக் கழுவிக் காப்பாற்ற வேண்டியதில்லை. மாசியில் துடைப்பத்தால் நன்றாகப் பெருக்கிவிட்டு மறுபடி அடித்தால் சரி. முதல் நாளே சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, சாயங்காலத்தில் இரண்டு கோட். 600 சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது, கூலி என் முதுகுவலிதான். கண்ணில் தெறித்தால் எரித்துவிடும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காயப்போட்ட புடவை தரையில் விழுந்தால் வெள்ளையாகத் திரும்பும் என்பது அம்மாவின் நிரந்தரப் புகார்.

வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் என்று கடையில் கிடைப்பது கூடுதல் காலம் உழைக்கும் என்கிறார்கள். நான் அடித்துப் பார்த்ததில்லை. இந்தச் சாம்பலில் அதன் வெண்மை எத்தனை கோடை தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்.

குளிர்ச்சியா? தெர்மாமீட்டர் வைத்து அளக்கவில்லை. மூன்று கோடையாகப் பார்க்கிறேன்: மதியம் இரண்டு மணிக்கு மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது, ராத்திரி சுவர் முன்னளவு சுடுவதில்லை. வியர்வை மட்டும் அப்படியேதான், கடலோரப் புழுக்கத்துக்குச் சுண்ணாம்பு என்ன செய்யும்?

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். சோலாருக்கு வீட்டு ஓனர் மனசு வைக்க வேண்டும், கரண்ட் இணைப்பும் அவர் பெயரில் இருக்கும். சுண்ணாம்புக்கு அவர் தலையாட்டினால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் மட்டும் மேலே ஏறாதீர்கள், தேய்த்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம். உடைந்தால் உயிருக்கு ஆபத்து, தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மச்சான் வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது, மாடி டேங்கில் நல்ல தண்ணீர் ஏறுகிறது. சோலார் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது, இதுவரை அவருக்குக் குறை ஏதும் இல்லை. "நீ வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிக்கிற, நான் ஞாயித்துக்கிழமை ஆனா தொடைக்கிறேன், அவ்ளோதான்பா வித்தியாசம்" என்கிறார்.