நான்கு ஆண்டுப் பசைத்துப்பாக்கியும் அதன் கம்பிக் காலும்

பசைத்துப்பாக்கியைப் பழுது நீக்கி வாங்கிவந்த அன்று மாலையே கல்லூரித் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். தன் மகளுக்கு ஏழு வயது முடியப்போகிறது என்றும், விடுமுறை நாட்களில் அவளோடு உட்கார்ந்து கைவேலை ஏதாவது செய்ய ஆசைப்படுவதாகவும், என் வீட்டில் இருப்பதைப் போன்ற க்ளூ கன் ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்டாள். நான்கு ஆண்டுகளாக அதை என் இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து பயன்படுத்தி வரும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை எழுதிப் பார்க்கிறேன்.

2021ஆம் ஆண்டு நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பு, கொலுப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அமைக்கும் பார்க்கிற்காக மதுரையில் ஒரு ஃபேன்ஸி கடையில் இதை 350 ரூபாய்க்கு வாங்கினேன். 40 வாட், 11 மில்லிமீட்டர் பசைக்குச்சி போடும் வகை. அப்போது மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு நான்கு. அதற்கு முந்தைய ஆண்டுவரை எல்லாவற்றையும் ஃபெவிகாலால்தான் ஒட்டினோம். மரத்தையும் அட்டையையும் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் காய்வதற்குள் குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும். ஐஸ் குச்சியில் செய்த ஊஞ்சலின் கால் நான்கு முறை சாய்ந்ததும், மூத்தவள் அதை அப்படியே விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்ட மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பசைத்துப்பாக்கி அந்தச் சிக்கலை முதல் நாளே தீர்த்துவைத்தது. ஐந்து நிமிடம் சூடேறிய பிறகு விசையை மெல்ல அழுத்தினால் தேன்பதத்தில் ஒரு சொட்டு இறங்குகிறது. இரண்டு துண்டுகளையும் சேர்த்து அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும், ஊஞ்சல் நிற்கிறது. அந்த அரை நிமிடத்தை நாங்கள் எண்ணிக் கழிப்போம். இளையவன் முப்பது வரை எண்ணக் கற்றது இப்படித்தான். ஒட்டும் இடத்தில் அவன் விரல்களும் என் விரல்களும் நெருங்கியிருக்க, இருபத்தெட்டில் குரல் தாழ்ந்து, முப்பதில் இருவரும் ஒன்றாகக் கையை எடுப்போம். எடுத்ததும் விழாமல் நிற்கும் பொருளை அவன் குனிந்து, மூச்சுப் படாமல், நாலா பக்கமும் சுற்றிப் பார்ப்பான்.

வாங்கும்போது நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று உண்டு. விசையை அழுத்துவது அம்மா மட்டுமே என்று முதல் நாளே விதி வகுத்துவிட்டேன். அதனால் பிள்ளைகளிடம் பொருள்களைக் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விடும் பழைய வழக்கம் தானாகவே நின்றது. அது சூடாக இருக்கும்வரை நான் தரையில் அவர்களோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தொடாமல், எழுந்து போகாமல், கொட்டாங்குச்சியில் ஆந்தை செய்துகொண்டிருந்த தாயாக என்னை ஆக்கியது இந்தக் கருவிதான். இதை அன்போடுதான் சொல்கிறேன்.

எங்கள் வேலைகளிலேயே பெரியது பாம்பன் பாலம். 2022 கோடை விடுமுறையில் இராமேசுவரம் போனபோது, சாலைப் பாலத்தில் இறங்கி நின்று, கீழே கடலுக்குள் நீண்டு கிடந்த ரயில் பாலத்தைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்தார்கள். 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய பாலத்தில், கப்பல் வரும்போது நடுவில் ஷெர்சர் தூக்கு எனப்படும் திறக்கும் பகுதியின் இரண்டு இறக்கைகளும் கூப்பிய கை விரிவதைப் போல மேலெழும் என்று நான் சொன்னதைக் கேட்டு, ஊருக்குத் திரும்பியதும் அதையே செய்ய வேண்டும் என்று இருவரும் அடம்பிடித்தார்கள். காலணிப் பெட்டிகளும் ஐஸ் குச்சிகளும் கொண்டு இரண்டு வாரத்தில் செய்து முடித்தோம். இறக்கை மடங்கும் இடத்தில் அட்டையை அட்டையோடு ஒட்டினால் பெயர்ந்துவிடுகிறது என்பதைக் கண்டு, பழைய பருத்திச் சேலையின் கரையைக் கத்தரித்து இருபுறமும் ஒட்டிக் கீலாக்கினோம். நூலிழைகளுக்குள் பசை ஊறி இறுகிய அந்தக் கீல் இன்றுவரை விடவில்லை.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதும் அதையும் செய்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. புதியதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து சாய்வதில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே தூக்கு, இரு கோபுரங்களுக்கு இடையே, கிடைமட்டமாகவே நேராக மேலே ஏறுகிறது. இதை அட்டையில் செய்வது பழையதைவிடக் கடினம். முதலில் தூண்டில் நரம்பைக் கட்டிப் பசையால் ஒட்டினோம். வழவழப்பான நரம்பைப் பசை பிடிக்கவே இல்லை, இரண்டு இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. சணல் கயிற்றுக்கு மாறியதும் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு பக்கக் கயிறு முந்தியும் மறுபக்கம் பிந்தியும் வர, தூக்கு கோணிக்கொண்டு கோபுரத்தில் சிக்கியது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்த மூத்தவள், எல்லாக் கயிறுகளையும் ஒரே பென்சிலில் சுற்றிவிட்டு அந்தப் பென்சிலைத் திருகினாள். தூக்கு சற்றும் சாயாமல் ஏறியது. அப்போது இளையவன் கப்பலை வைக்கவும் மறந்து கைதட்டினான்.

இந்தப் பசையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் இது நிற்காது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த கொட்டாங்குச்சி ஆந்தை, சித்திரை வெயிலில் முதல் வாரத்திலேயே இரண்டு கண்களையும் உதிர்த்துவிட்டது. சூட்டில் உருகி ஒட்டும் பசை சூட்டில் இளகத்தான் செய்யும் என்பதால் அதைக் குற்றமாகக் கருதவில்லை. தெர்மகோலில் நேராகச் சொட்டவிட்டால் பள்ளம் விழும். முதலில் அட்டையில் வைத்துச் சில நொடிகள் ஆறவிட்டு, பிறகு தெர்மகோலை அழுத்த வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்குப் பின்னும் சிலந்தி இழை போல ஒரு நூல் நீண்டு வரும். துப்பாக்கியின் மூக்கைச் சற்றுச் சுழற்றி எடுத்தால் அது குறையும், முழுதாகப் போகாது. இவற்றோடெல்லாம் நான் சமாதானமாகிவிட்டேன்.

சமாதானமாக முடியாதது அந்தக் கம்பிக் கால் ஒன்றோடு மட்டும்தான். துப்பாக்கியை நிறுத்தி வைப்பதற்காக மூக்குக்குக் கீழே, துணிக்கொடிக் கம்பியைவிடச் சற்றே தடித்த ஒரு கம்பியை வளைத்துச் செருகியிருக்கிறார்கள். அது முன்னும் பின்னும் மடங்குகிறது. வாங்கிய முதல் மாதத்திலேயே அதன் பிடி தளர்ந்துவிட்டது. பின்னால் வரும் மின்கம்பியோ ஒரு மீட்டர்தான் இருக்கும், அதுவும் விறைப்பானது. துப்பாக்கியை எந்தப் பக்கம் வைத்தாலும் அந்த விறைப்பு அதைத் தன் பக்கம் திருப்பி இழுக்கும். கால் மடங்கும், துப்பாக்கி பக்கவாட்டில் சாயும். ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடிய ஒரு பொருளை, சிறுவர்கள் குனிந்து வேலை செய்யும் இடத்தில் வைக்கப்போகிறார்கள் என்பது செய்தவர்களுக்குத் தெரியாதா? அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலும் பூவும் வரைந்து, சிரிக்கும் சிறுமியின் படத்தை அச்சிடத் தெரிந்தவர்களுக்கு, அகலமான ஒரு கால் வைக்கத் தோன்றாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அணைக்கும் ஸ்விட்சும் இதில் கிடையாது. பிளக்கைப் பிடுங்குவதுதான் ஒரே வழி.

சென்ற வாரம் நடந்தது இதுதான். கோபுரத்தின் உச்சியை நான் பிடித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வழக்கம்போல் சாய்ந்து பலகையின் விளிம்பை நோக்கிச் சரிந்தது. கீழே விழாமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் இளையவன் அதைத் தாவிப் பிடித்தான். அவனுடைய மோதிர விரலின் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் கையை உதறியதில் துப்பாக்கி தரையில் விழுந்து, மின்கம்பி உள்ளே அறுந்துபோனது. விரலைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் நீட்டிப் பிடித்தேன். சத்தம் கேட்டு மாமியார் பற்பசையோடு ஓடிவந்தார். "வேணாம் பாட்டி, தண்ணிதான். இருபது நிமிஷம் தண்ணி மட்டும்தான்" என்று மூத்தவள் வழியை மறித்து நின்றாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவள் மறக்கவில்லை. ஒட்டியிருக்கும் பசையைப் பிய்த்து இழுக்கக் கூடாது என்பதையும் அவள்தான் நினைவுபடுத்தினாள், பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். தண்ணீரில் குளிர்ந்த பிறகு அது தானாகவே கழன்றது. அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம், இப்போது காய்ந்துவிட்டது. அந்த இருபது நிமிடமும் அவன் அழாமல், துப்பாக்கியை விழவிட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பழுது பார்க்கும் கடையில் அறுபது ரூபாய் வாங்கினார்கள். கடைத் தம்பி திருகாணிகளைக் கழற்றி, இரு பாதிகளையும் திறந்து காட்டினார். சூடேற்றும் அறைக்குப் பின்னால், பசை வழிந்து இறுகி, மஞ்சள் நிறத்தில் கோழிமுட்டையின் பாதி அளவுக்குக் கட்டிதட்டிக் கிடந்தது. "படுக்கப் போட்டா பசை பின்னாடி ஓடும்க்கா. மூக்கு எப்பவும் கீழ பாத்துத்தான் இருக்கணும்" என்றார். நான்கு ஆண்டுகளாக அந்தக் கால் மடங்கிய ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்தது இதுதான். சூடேற்றும் சிறிய பீங்கான் வில்லையையும் காட்டினார். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறிவிடுவதால், ஓர் அளவுக்கு மேல் போகாமல் அதுவே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது கருகவில்லை, ஃபியூஸைப் போக்கவில்லை. இத்தனை நேர்த்தியான உள்ளுறுப்பைச் செய்தவர்கள் வெளியே அந்தக் கம்பியை வைத்தார்களே என்று கடையில் நின்றபடியே மனம் ஆறாமல் போனது.

வீட்டுக்கு வந்ததும் கம்பிக் காலைக் குறட்டால் பிடுங்கி எறிந்தேன். மாமியாரின் பழைய இடிகல் ஒன்று, இஞ்சி தட்டக்கூட யாரும் எடுக்காமல், கிணற்றடியில் கிடந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, குழிக்குள் அலுமினியத் தாள் விரித்து, துப்பாக்கியை மூக்குக் கீழாக அதில் இறக்கி வைத்தோம். கல் நகராது, மின்கம்பி எப்படி இழுத்தாலும் துப்பாக்கி சாயவில்லை. ஒழுகும் சொட்டு தாளில் விழுந்து இறுகுகிறது, நிறைந்ததும் தாளை மாற்றிவிடலாம். கல்லுக்கு அடியில், வீடு கட்டியபோது மிஞ்சிய தரை ஓடு ஒன்றைப் போட்டிருக்கிறோம். வழவழப்பான அந்த ஓட்டில் சிந்தும் பசை ஆறியதும் நகத்தால் நெம்பினாலே வந்துவிடுகிறது. மூத்தவளுக்குப் பத்து வயதானதிலிருந்து அவளும் விசையை அழுத்துகிறாள் என்பதால், இந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்யாமல் விட்டது எனக்கு உறுத்துகிறது.

நியாயமாகப் பார்த்தால் 350 ரூபாய்க்கு இது கொடுத்தது மிக அதிகம். நான்கு கொலுப் பார்க்குகள், இரண்டு பாலங்கள், பள்ளிக்கான எரிமலை, பாட்டியின் கண்ணாடிக்கு ஒரு பெட்டி, கணக்கில்லாத ஆந்தைகள். பசைக்குச்சியும் விலை அதிகமில்லை, எந்த ஃபேன்ஸி கடையிலும் கிடைக்கிறது. சூட்டைக் குறைத்து 120 டிகிரி அளவில் வேலை செய்யும் வகையும் உண்டு. சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் பொருத்தம், தெர்மகோலும் அதில் அவ்வளவாக உருகாது.

இத்தனையும் எழுதிய பிறகு, நேற்றுத் தோழியை அழைத்து, வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏழு வயதுக்கு மைதாப் பசை போதும்: ஒரு கரண்டி மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து கரண்டி நீர் சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடிபோலத் திரண்டு வரும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். குழந்தை கை வைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது, அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதே நல்லது. செய்முறையைக் குறித்துக்கொண்டவள், "அப்படியானால் நீ ஏன் உன்னுடையதைப் பழுது பார்த்தாய்?" என்று கேட்டாள்.

புதிய பாலத்தின் ஒரு கோபுரம் இன்னும் ஒட்டி முடியவில்லை என்று சொன்னேன்.