கூட்டுக் கணக்கில் பணம், வீட்டில் பிரிவு: எடுப்பதா, முடக்குவதா, வழக்குப் போடுவதா?

கடலூரில் ஒரு வங்கிக் கிளையின் கவுன்டரில் நான் வேலை பார்த்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை, முதுநகரிலிருந்து வந்த பெண் ஒருவர் பாஸ்புக்கைப் பதிவுக்கு நீட்டினார். அச்சாகி வந்த கடைசி வரியில் மீதி 212 ரூபாய். சனிக்கிழமையன்று புதுச்சேரிக் கிளையில் கணவர் மொத்தத்தையும் எடுத்திருந்தார். "என் பெயரும் இருக்கிறதே சார், என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள்?" என்றார். கணக்குத் தொடங்கும் படிவத்தில் 'ஐதர் ஆர் சர்வைவர்', அதாவது 'இருவரில் யாரேனும் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்', என்ற கட்டத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட கணக்கில் யார் கேட்டாலும் முழுத்தொகையையும் வங்கி கொடுக்கலாம். இருவர் கையெழுத்தும் வேண்டுமென்றால் 'ஜாயிண்ட்லி' என்று குறித்திருக்க வேண்டும்.

எடுக்கும் அதிகாரம் வேறு, பணம் யாருடையது என்பது வேறு. கணவர் தன் பணத்தை மனைவி பெயரையும் சேர்த்துப் போட்டு வைத்ததாலேயே அது அவருக்குக் கொடுத்த பரிசாகிவிடாது என்று 1928-லேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது. மனைவியின் பணத்துக்கும் அதே விதிதான். சீர்வரிசையாக வந்த நகையும் பணமும் மனைவியின் முழுச் சொத்து என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே, போட்டவர் யார் என்பதைக் காட்டும் கணக்கு அறிக்கைதான் முதலில் கையில் இருக்க வேண்டும்.

முந்திக்கொண்டு எடுத்துவிடுவது வேகமான வழி. மாலைக்குள் முடிந்துவிடும். ஆனால் நாளை வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்த ஒரு நாள் வரவுசெலவைத்தான். குழந்தையின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, இரண்டு மாதச் செலவு, இந்த அளவுக்கு எடுப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ரொக்கமாக எடுக்காமல் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எதற்கு எடுத்தேன் என்று கணவருக்கோ மனைவிக்கோ அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

என் தேர்வு இரண்டாவது வழி: பரிவர்த்தனையை நிறுத்தச் சொல்லி வங்கிக்குக் கடிதம். நிறுத்த ஒருவர் கையெழுத்துப் போதும். மீண்டும் திறக்க இருவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். இதுவே வங்கிகளின் வழக்கம். "அவரையும் கூட்டி வாருங்கள்" என்று கவுன்டரில் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். கணக்கை மூடவும், கணக்கை இயக்கும் முறையை மாற்றவும்தான் இருவரும் வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதிலும் வலி உண்டு. கணக்கு நின்றால் ஏடிஎம் அட்டையும் தானியங்கித் தவணையும் சேர்ந்தே நிற்கும். வீட்டுக் கடனில் இருவரும் கடன்தாரர் என்றால், தவணை திரும்பும்போது கெடுவது இருவர் பெயரும்தான். அதனால் உங்கள் சம்பளத்தையும் தவணையையும் முன்கூட்டியே தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டுக் கடிதம் கொடுங்கள். பல வீடுகளில் பதிவான கைப்பேசி எண் கணவருடையதாக மட்டுமே இருக்கும். ஓடிபி அவருக்கே போகும். அதையும் பாருங்கள். வைப்புத்தொகை கொஞ்சம் பாதுகாப்பானது. பொதுவாக, முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். முதிர்ந்த நாளிலோ ஒருவரே வாங்கிப் போகலாம். ஆகவே வைப்பு ரசீதுகளின் எண்களையும் லாக்கர் எண்ணையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கடிதம் எட்டாத இடம் ஒன்று உண்டு: கணவரின் தனிக் கணக்கு. அதற்கு நீதிமன்றம்தான். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில், கூட்டுக் கணக்கையும் லாக்கரையும் மட்டுமல்லாமல் கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கையும் இயக்கக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும், அந்த மூன்று நாளே பணம் பறந்துபோகப் போதும். அதனால்தான் கடிதத்தை முதலில் வைக்கிறேன். இந்தச் சட்டத்தில் பெண்கள்தான் மனுச் செய்ய முடியும். கணவர் குடும்ப நல நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

பேசித் தீர்த்துக்கொள்ள இருவருக்கும் மனம் இருந்தால் அதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. கணக்கு எண்களோடு எழுதி, சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

புதுச்சேரியில் உறவுள்ள கடலூர்க்காரர்கள் பலர், "பாதி உனக்குத் தானாக வரும்" என்று கேள்விப்பட்டு நம்பியிருக்கிறார்கள். அது பிரெஞ்சுத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் கதை. தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அங்கே மண வாழ்க்கையில் சம்பாதித்தது இருவருக்கும் பொது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படித் தானாகப் பாதி கிடையாது. இந்த நம்பிக்கையில் கைகட்டி இருந்து ஏமாந்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் வெந்திருக்கிறது.

முதுநகர்ப் பெண்ணுக்கு அன்று சேமிப்புக் கணக்கில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சவில்லை. கைப்பையைத் துழாவியபோது ஒரு வைப்பு ரசீது அகப்பட்டது. அதே கூட்டுப் பெயரில், முதிர்வதற்கு ஒன்பது நாள் பாக்கி. கவுன்டர் ஓரத்தில் நின்றபடியே நான்கு வரி எழுதினார். நகலில் நான் முத்திரை குத்தித் தேதியும் நேரமும் போட்டுக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து, பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு போனார்.