பெட் மெஷினோடு ஆறு வருடம்

எங்கள் ஆய்வகத்துக்கு வருவதில் பாதிக்கு மேல் கொட்டாங்குச்சிக் கரி. தண்ணீர் ஃபில்டருக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் போகிற சரக்கு. ஒரு சிட்டிகை, அதாவது 0.1 கிராம் நல்ல கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் 100 சதுர மீட்டர் வரும். சதுர அடியில் 1,076, ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட். இதை அளக்கத்தான் பெட் மெஷின்.

திரவ நைட்ரஜனில் முங்கிய மாதிரியின் மேல், 77 கெல்வின் குளிரில், நைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். பரப்பில் எவ்வளவு ஒட்டியது என்பதை அழுத்தம் இறங்குவதை வைத்து மெஷின் கணக்குப் போடுகிறது. ஆனால் முதல் அடுக்கு நிறையும் முன்பே அதன் முதுகில் இரண்டாவது அடுக்கு ஏறிவிடும். முதல் அடுக்குக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சமன்பாட்டை 1938இல் கொடுத்தவர்கள் புருனாயர், எம்மெட், டெல்லர். மூவரின் ஆங்கில முதலெழுத்துகள் (B, E, T) சேர்ந்ததுதான் ‘பெட்’. ஒரு மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கும் என்று கொண்டால், முதல் அடுக்கில் ஒரு சி.சி. வாயுவுக்கு 4.35 சதுர மீட்டர்.

மெஷின் மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. ஓ-ரிங் மாற்றினோம், பம்ப் ஆயில் மாற்றினோம், அவ்வளவுதான். எங்களைப் படுத்தியது பக்கத்து மேஜையில் இருந்த தராசு.

இரண்டாவது வருடம், வழக்கமாகக் கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் காட்டும் கரி திடீரென்று 1,250 காட்டியது. கரி கொடுத்தவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு உறுத்தல். வேறு டியூப் போட்டேன், மறுபடி 1,250. மூன்று நாள் மெஷினையே சந்தேகப்பட்டு லீக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, டீகேஸ் (அளக்கும் முன் கரியை வேக்வத்தில் சூடாக்கி ஈரத்தையும் ஒட்டிய வாயுவையும் விரட்டுவது) முடிந்ததும் டியூபை நிரப்பும் நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துபோய், யாரோ ஹீலியம் லைனை மாட்டியிருக்கிறார்கள். டியூபின் கொள்ளளவு 20 சி.சி. காலி டியூபைக் காற்றோடுதான் எடை போட்டிருந்தோம்; அந்தக் காற்றைவிட ஹீலியம் ஒரு சி.சி.க்கு 1 மில்லிகிராம் லேசு. ஆக 20 மில்லிகிராம் காணாமல் போய், 100 மில்லிகிராம் கரி தராசில் 80 ஆகிவிட்டது. குறைந்த எடையால் வகுத்தால் பரப்பு கூடத்தானே செய்யும்! அன்றிலிருந்து காலி டியூபையும் நைட்ரஜன் நிரப்பித்தான் எடை போடுகிறேன்.

டீகேஸுக்கு முன் போட்ட எடையை அப்படியே கணக்கில் கொடுப்பது இன்னொரு வழக்கமான தப்பு. மழைக்காலத்தில் கரி நன்றாக ஈரம் குடித்திருக்கும். பத்து சதவீதம் தண்ணீர் என்றால், 1,000 வரவேண்டிய இடத்தில் 900தான் வரும்.

வேக்வத்தைச் சட்டென்று திறக்காதீர்கள். மாவு மாதிரி அரைத்த கரி ஜிவ்வென்று மேலே பறந்து வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு முறை அதைத் துடைத்து முடிக்க முழு நாள் போயிற்று.

சாஃப்ட்வேர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபம் உண்டு. தானாகவே 0.05 முதல் 0.3 வரையிலான சார்பு அழுத்தத்தை (வாயு அந்தக் குளிரில் திரவமாகும் அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது) எடுத்துக்கொள்கிறது. டெமோவில் காட்டுகிற அலுமினாவுக்கு அது சரி, அது சாதுப் பிள்ளை. நுண்துளை நிறைந்த கரிக்கு அதே எல்லையைக் கொடுத்தால் பெட் சமன்பாட்டில் வரும் ‘சி’ என்ற மாறிலியின் மதிப்பு மைனஸில் வந்து நிற்கும். அதற்கு அர்த்தமே கிடையாது. 0.05க்கும் கீழே இறங்கிப் புள்ளிகளைக் கையால் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. ரிப்போர்ட் கேட்பவர்கள் எந்த எல்லையில் எடுத்தது என்று கேட்பதே இல்லை, ஆனாலும் நான் எழுதியே அனுப்புகிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டால், இதே மாதிரி மெஷின் போதும் என்பேன். மிச்சப் பணத்தில் 0.01 மில்லிகிராம் வரை காட்டும் தராசு ஒன்றும், தனி டீகேஸ் ஸ்டேஷனும் வாங்கிக்கொள்ளுங்கள். கரியை ராத்திரி முழுக்க 300 டிகிரியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். யூ.பி.எஸ். இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.