குளுட்டாதயோன் கிட்: முதிய எலியின் நுரையீரலுக்கு எவ்வளவு நம்பலாம்?

காற்று மாசை சுவாசித்த முதிய எலிகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, பல ஆய்வகங்கள் முதலில் வாங்குவது 96 குழித் தட்டுக்கான குளுட்டாதயோன் கிட்டைத்தான். செல்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் சிறு மூலக்கூறு குளுட்டாதயோன். உள்ளே இருப்பது 1969-இல் டீட்சே வெளியிட்ட சுழற்சி முறை. ஒரு நொதி குளுட்டாதயோனைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க, அது டிடிஎன்பி என்ற வேதிப்பொருளை மஞ்சளாக்கும்; அந்த மஞ்சளை 412 நானோமீட்டரில் அளக்கிறோம். மொத்தக் குளுட்டாதயோனுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆக்சிஜனேறிய வடிவமான ஜிஎஸ்எஸ்ஜியில்தான் வில்லங்கம்.

நல்ல திசுவில் ஜிஎஸ்எஸ்ஜி ஒன்றிரண்டு விழுக்காடுதான் இருக்கும். வெட்டியெடுத்த நுரையீரல் மேசையில் கிடக்கும்போது இன்னொரு 2 விழுக்காடு தானாக ஆக்சிஜனேறினாலே அளவு இரட்டிப்பாகிவிடும்; பழி மாசின் மேல் விழும். சிவப்பணுக்களிலும் குளுட்டாதயோன் ஏராளம் என்பதால், குளிர்ந்த உப்புநீரால் இரத்தத்தை வெளியேற்றி, உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உருகவிடாமல் 5% மெட்டாபாஸ்பாரிக் அமிலத்திலேயே அரையுங்கள். அமிலத்தை அன்றன்றே கரையுங்கள். பஃபரில் டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள்) இருந்தால் கதை முடிந்தது, அவையே டிடிஎன்பியை மஞ்சளாக்கிவிடும்.

ஜிஎஸ்எஸ்ஜிக்கு, டிரைஎத்தனாலமைனால் அமிலத்தைத் தணித்து, 2-வினைல்பிரிடினுடன் 1 மணி நேரம் வைக்க வேண்டும்; அது ஆக்சிஜனேறாத குளுட்டாதயோனைக் கட்டிப்போட்டு, ஜிஎஸ்எஸ்ஜியை மட்டும் அளக்க விடும். அது நொதியின் வேகத்தையும் குறைக்கும். அதனால் நியமக் கரைசல்களிலும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்) அதே அளவு சேர்க்காவிட்டால் விடை குறைவாக வரும்.

டீசல் புகைக்கு ஆட்பட்ட நுரையீரலை மையவிலக்கில் சுழற்றிய பிறகும் மேல்நீரில் மெல்லிய கரி மிதக்கும். அதனால் இறுதி அளவை ஒரே தடவை எடுக்காமல், நிமிடத்துக்கொரு முறை அளந்து சரிவைக் கணக்கிடுங்கள். கரியின் நிறம் மாறாதது, சரிவில் சேராது.

வயதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, பெரிய குறை. லாஸ் ஏஞ்சலிஸ் சாலையோரக் காற்றின் நுண்துகளை வைத்து 2012-இல் வந்த சுண்டெலி ஆய்வில், இளம் விலங்குகளில் என்ஆர்எஃப்2 (ஆக்சிஜனேற்றத் தடுப்பு மரபணுக்களை இயக்கும் புரதம்) தூண்டும் நொதிகள் கூடின; முதியவற்றில் அந்த எழுச்சி மங்கியிருந்தது. முதுமையில் பலவீனமாவது கையிருப்பு மட்டுமல்ல, எதிர்வினையும்தான். தூய காற்றில் வளர்ந்த முதிய குழு இல்லாமல் இந்த கிட் எதையும் சொல்லாது.

இளையவை, முதியவை, தூய காற்று, மாசுக் காற்று என்று 4 குழுக்கள். மொத்தக் குளுட்டாதயோன், ஜிஎஸ்எஸ்ஜி என்ற இரண்டு அளவீட்டுக்கும் தனித்தனி நியம வரிசைகள் 32 குழிகளை எடுத்துக்கொள்ளும். மீதி 64-இல், விலங்குக்கு 4 குழி வீதம், 16 விலங்குகள்தான். ஒரு தட்டில் இளையவை, மறு தட்டில் முதியவை என்று பிரிக்காமல், ஒவ்வொரு தட்டிலும் குழுவுக்கு 4 வீதம் கலந்து வையுங்கள்.