ஏலத்தில் தோற்ற பிறகு வரும் வட்ஸ்அப் செய்தி: என் அத்தானின் 580 யூரோ போன விதம்

இணைய ஏலத்தில் ஒரு கமரா லென்ஸுக்கு விலை கேட்டுத் தோற்ற அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "வென்றவர் காசு கட்டவில்லை. நீங்கள் கேட்ட விலைக்கே உங்களுக்குத் தருகிறேன்." அதற்குப் பதில் போட்டதில் என் அத்தானின் 580 யூரோ போனது. எங்கட காசுக்குக் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபா. இதே செய்தி இன்னொருவருக்கும் வரும். அதற்கு முதல் அவர் இதை வாசித்துவிட வேண்டும் என்றுதான் நடந்ததை முழுக்க எழுதுகிறேன். தளத்தின் பெயரை விடுகிறேன். காசு போனது தளத்துக்கு வெளியே.

கிளிநொச்சியில் சின்ன ஸ்ரூடியோ ஒன்று நடத்துகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்றுதான் தொழில் ஓடுகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்தண்ணீரில் எரிகிற அந்த விளக்கைச் சனத்துக்குப் பின்னால் நின்று, ப்ளாஷ் போடாமல் எடுக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அதற்குக் கனன் 70-200, எஃப் 2.8 லென்ஸ் வேண்டும், தூரத்தில் இருப்பதைக் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும். புதிதாக வாங்க என்னால் ஏலாது. வைகாசிப் பொங்கலுக்கு அக்கா ஜேர்மனியில் இருந்து வருவதாக இருந்தது. அங்கேயே ஏலத்தில் ஒன்றை எடுத்து அவவின் கையில் கொடுத்துவிடலாம் என்று பங்குனியில் தேடத் தொடங்கினேன்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீனைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். வாங்க வந்தவன் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பான், சிவப்பு இருந்தால்தான் விலை கேட்பான். அவனுக்கு மேலே கேட்கிறவனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். அவன் உண்மையில் வாங்க வந்தவனா, விற்கிறவனின் மச்சானா என்பது கரைக்கே தெரியும். இணைய ஏலத்தில் செவுளும் தெரியாது, மச்சானும் தெரியாது.

இந்தத் தளங்களில் விலை ஏறுகிற முறையை விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னைப் பிடித்தது அதை வைத்துத்தான். உங்கள் உச்ச விலை 580 என்று போட்டால் உடனே விலை 580 ஆகாது. மற்றவர் 400இல் நின்றால் உங்கள் விலை அதை ஒரு படி மட்டும் தாண்டி நிற்கும். அவர் கூட்டக் கூட்டத் தளமே உங்களுக்காகக் கூட்டிக்கொண்டு போகும், 580 வரைக்கும். வென்றாலும் இரண்டாவதாக வந்தவரின் உச்ச விலைக்கு ஒரு படி மேலே கட்டினால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விற்கிறவனே இன்னொரு பெயரில் உள்ளே வந்துவிட்டால், படிப்படியாகத் தட்டிப் பார்த்து உங்கள் உச்ச விலை எது என்று கண்டுபிடித்துவிடுவான்.

ஏலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போதே நான் 580ஐப் போட்டுவிட்டேன். அது முதல் பிழை. கடைசி இரவு ஒருவர் பத்துப் பத்து யூரோவாக ஏற்றி, 590இல் என்னை வெட்டிவிட்டு நின்றார். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் மதிப்புரை கூட இல்லை. கேட்ட விலைகளின் வரலாற்றைத் திறந்து பார்த்திருந்தால், அந்த ஆள் அந்த மாதம் விலை கேட்டதெல்லாம் இந்த ஒரே விற்பனையாளரின் பொருட்களுக்குத்தான் என்பது அங்கேயே இருந்தது. நான் அதைப் பார்த்தது காசு போன பிறகு.

என் நம்பர் விற்கிறவனுக்கு எப்படிக் கிடைத்தது? நான்தான் கொடுத்தேன். லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சணம்) இருக்கிறதா என்று கேட்டு எழுதும்போது, "படம் அனுப்ப வசதியாக இருக்கும்" என்று என் வட்ஸ்அப் இலக்கத்தையும் போட்டுவிட்டிருந்தேன்.

காலையில் செய்தி வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. ஒரு கடுதாசியில் என் பெயரையும் இன்றைய திகதியையும் எழுதி, லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் படம் வந்தது. அதே லென்ஸ், ஹூட்டில் அதே கீறல், பக்கத்தில் என் பெயர். எனக்கு அது போதும் என்று இருந்தது. ஜேர்மனியில் இருக்கிற அத்தானுக்கு எடுத்துக் கதைத்தேன்.

"தம்பி, ஆள் சரியோ?"

"ஓம் அத்தான், என்ர பேர் எழுதிப் படம் எடுத்து அனுப்பினவர்."

"அப்ப அந்தத் தளத்துக்குள்ளயே கட்டுவமே?"

"அங்க கட்டினா அவருக்குக் கொமிஷன் வெட்டுவாங்களாம் அத்தான். நேரா வங்கிக்குப் போட்டா தபால் செலவைத் தான் பாக்கிறாராம்."

அத்தான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. இரவு வேலையால் வந்தவர், சாப்பிட முதலே போனில் காசை அனுப்பிவிட்டார்.

பார்சல் இலக்கம் ஒன்று வந்தது. அதைத் தேடிப் பார்த்தால், மூன்று கிழமைக்கு முன்பே வேறொரு நகரத்தில் கொடுத்து முடிந்த பார்சல் என்று காட்டியது. கேட்டேன். "பிழையான இலக்கம், நாளைக்கு அனுப்புகிறேன்." நாளைக்கு என் செய்திக்கு ஒற்றைக் கோடுதான் விழுந்தது. அடுத்த நாளும் அப்படியே. தளத்தில் போய்ப் பார்த்தால் அந்தக் கணக்கே மூடியிருந்தது.

அன்றிரவு அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசையில் லென்ஸின் நிழல் வலப்பக்கம் சரிந்து கிடக்கிறது. கடுதாசிக்கு நிழலே இல்லை. ஓரம் மேசையில் இருந்து ஒரு மயிரளவு எழும்பியிருக்கிறது, அதன் கீழே ஒரு கறுப்புக் கோடு கூட இல்லை. பழைய விளம்பரப் படத்தில் என் பெயரை ஒட்டியிருக்கிறான். மணமக்களின் முகத்தில் விழுகிற நிழலைத் திருத்தித்தான் நான் உழைத்துச் சாப்பிடுகிறேன். இதைப் பார்க்காமல் விட்டதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு எரிகிறது.

அத்தான் அங்கே பொலிசில் முறைப்பாடு கொடுத்தார், நானும் இங்கே கொடுத்தேன். வங்கி திருப்பிக் கேட்டுப் பார்த்தது. அதற்குள் அந்தக் கணக்கில் காசு இல்லை. தளத்துக்கு எழுதினேன். தங்களுக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலுக்குப் பாதுகாப்பு இல்லை என்று பதில் வந்தது. அவர்களின் விதியில் அது முதலே எழுதியிருக்கிறது, அவர்களில் பிழை சொல்ல முடியாது.

வென்றவர் கட்டாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கிற முறை உண்மையிலேயே உண்டு. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. ஆனால் உண்மையான அழைப்பு தளத்துக்குள் உங்கள் கணக்கின் செய்திப் பெட்டிக்கு வரும், காசு கட்டுகிற பொத்தானும் அங்கேயே இருக்கும். வட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ மட்டும் வந்தால் அது பொய். பொருள் அச்சொட்டாக நீங்கள் கேட்டதாக இருக்கும், விலையும் நீங்கள் போட்ட உச்ச விலையாக இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டையும் அறிந்தவன்தான் அனுப்புகிறான். கொமிஷன் மிச்சம் என்று யார் வெளியே கூப்பிட்டாலும் போகாதீர்கள். கடனட்டையில் கட்டினால் வங்கியிடம் மறுத்துக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். நேரே வங்கிக் கணக்குக்குப் போன காசு திரும்பி வருவது அருமை.

இப்போது நான் உச்ச விலையை ஒரே தரம், கடைசி நிமிடத்தில்தான் போடுகிறேன். அப்போது தட்டிப் பார்க்க எவனுக்கும் நேரம் கிடைக்காது. விளம்பரப் படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டு, வேறு எங்காவது கிடக்கிறதா என்று தேடுகிறேன். லென்ஸ் என்றால் இரண்டு மூடியையும் கழற்றி, பின்னால் டோர்ச் பிடித்து, முன்னால் இருந்து எடுத்த வீடியோ கேட்கிறேன். பங்கஸ் இருந்தால் சிலந்தி நூல் மாதிரி வெளிச்சத்தில் தெரியும். வீடியோவில் என் பெயரை வாயால் சொல்லச் சொல்கிறேன். நேர்மையான ஆள் சொல்லிவிடுவார்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று. என் பழைய ப்ளாஷை ஒரு பேஸ்புக் குழுவில் கொமென்ற் ஏலத்தில் விட்டபோது, வென்றவர் வங்கிச் சிட்டையின் படத்தை அனுப்பி, "இண்டைக்கே பஸ்ஸில ஏத்திவிடுங்கோ அண்ணை" என்று அவசரப்படுத்தினார். வங்கியில் போய்க் கேட்டேன், ஒரு சதமும் வரவில்லை. சிட்டையைப் பார்த்துப் பொருளை ஏற்றாதீர்கள், கணக்கில் காசைப் பார்த்து ஏற்றுங்கள். அந்த ப்ளாஷை, மின்கல மூடி உடைந்தது என்று படத்தோடு போட்டுப் பிறகு விற்றேன். எடுத்தவர் வவுனியாவில் இருந்து வந்து கையில் வாங்கிக்கொண்டு போனார். 1995இல் ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிடியார் அதில் முதன்முதலில் விற்றதும் ஓர் உடைந்த லேசர் பொயின்ரர்தான், 14.83 டொலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதானா எடுக்கிறீர்கள் என்று அவர் வாங்கியவரிடம் கேட்டாராம். ஓம், உடைந்தவற்றைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் அவர். பழுதை ஒளிக்காமல் போட்டால் அதற்கும் ஆள் வரும்.

அத்தானின் காசை மாதாமாதம் அக்காவின் கணக்குக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்கிறார், விடமாட்டேன். அந்த வைகாசியில் விளக்குப் படம் எடுக்கவில்லை.

ஏலத்தில் தோற்ற பிறகு யாருக்காவது இப்படியொரு செய்தி வந்திருந்தால், காசு போக முதல் அவன் அனுப்பிய படத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். கிளிநொச்சிப் பக்கம் என்றால் ஸ்ரூடியோவுக்கே கொண்டு வாருங்கள். பெரிதாக்கி, நிழலைப் பார்த்துச் சொல்கிறேன்.