கேரவன் நகர்த்தும் மோட்டார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

குற்றால சீசனுக்கு வருபவர்கள் தங்குவதற்காகப் புளியரை அருகே எங்கள் தோப்பில் ஒரு கேரவன், அதாவது காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி, வைத்திருக்கிறேன். கார் இல்லாமலேயே அதை ரிமோட்டால் நகர்த்த உதவும் மோட்டார் ஜோடிக்கு 92,000 ரூபாய் கொடுத்து ஏமாந்து இன்றோடு 11 நாள் ஆகிறது; ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பழைய முகாம் சாமான்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். விற்றவர் ஆரியங்காவுக்கு அப்பால் கொல்லம் பக்கத்துக்காரர், ஆனால் எங்கள் ஊர்த் தமிழே பேசினார். "அண்ணாச்சி, வண்டி எத்தனை கிலோ, முற்றம் எவ்வளவு சரிவுன்னு முதல்ல சொல்லுங்க, பொருந்தாததை நான் தர மாட்டேன்" என்று அவராகவே கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். ஏமாற்ற நினைப்பவன் எடையை விசாரிப்பானா என்று எண்ணி, 1,400 கிலோ என்றேன். 1,800 கிலோ வரை இழுக்கும் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன்.

செங்கோட்டை மெக்கானிக் வண்டியின் அடிச்சட்டத்தில் துளையிடாமல் கிளாம்ப் போட்டுப் பொருத்தித் தந்தார். லேசான சாரலில் சரிவின் பாதி வரை ஏறிய வண்டி, டயரில் அழுந்தி அதை உருட்ட வேண்டிய மோட்டாரின் ரோலர்கள் பிடிக்காமல் வெறுமனே சுற்ற, பின்னால் வழுக்கத் தொடங்கியது. என் தம்பி கையில் தயாராக வைத்திருந்த கட்டையைச் சக்கரத்தின் கீழ் தள்ளியிராவிட்டால் அது கிணற்றுச் சுவரில் மோதியிருக்கும். ஒரு முழ இடைவெளிதான் மிச்சம். டார்ச் அடித்துப் பார்த்தால், டயரைப் பற்ற வேண்டிய ரோலரின் சொரசொரப்பு தேய்ந்து உள்ளங்கை போல வழவழப்பாக இருந்தது. மோட்டாரின் மேல் 1,800 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் தகட்டில் பொறித்திருந்தது 1,200.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் சாரல்தான் காரணம் என்றார், மறுநாள் என் பேட்டரி சரியில்லை என்றார், மூன்றாம் நாள் ஸ்டிக்கரை நானே ஒட்டியிருப்பேன் என்றார், அதன்பின் போனை எடுக்கவே இல்லை. அந்த 92,000 ரூபாயிலிருந்து சேவைக் கட்டணம் பிடித்துக்கொண்ட இணையச் சந்தையோ, வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்துவது மட்டுமே தங்கள் பணி என்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை அனுப்பியது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் இல்லை. சாமான்கள் ஏற்றிய நிலையில் வண்டியை எடை மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். சமதளத்தில் இழுக்கும் எடையைக் கேட்டு நிற்காமல், உங்கள் சரிவில் எவ்வளவு இழுக்கும் என்று கேளுங்கள். தகட்டையும் ரோலரையும் நேரில் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ரோலரை பிரேக்காக நம்பாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்ட பிறகே அதை டயரிலிருந்து விலக்குங்கள். சக்கரக் கட்டையோடு ஓர் ஆள் எப்போதும் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், கொல்லத்துக்கு அலையப் போவதில்லை. உரித்த ஸ்டிக்கரை ஒரு கவரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.