கருப்பு கோட்டிங்கை நம்பி என் பத்மினியின் அடித்தகட்டை இழந்தேன்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அண்டர் கோட்டிங்குக்கு, அதாவது அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் கருப்புப் பூச்சுக்கு, வண்டியை விடுங்கள். கடை பெயரைப் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வண்டி அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. போச்சம்பள்ளி சந்தைக்கும் தோட்டத்துக்குமாக முப்பது வருஷம் ஓடியது. அப்பா போன பிறகு ஷெட்டில் நின்றதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. 2022-இல் இன்ஜின், டிங்கரிங், பெயிண்ட் என்று எல்லாவற்றையும் முடித்து ரோட்டில் இறக்கினேன். மூன்று மாதம் மண் ரோட்டில் ஓட்டிய பிறகுதான் அடிப்பக்கம் ஞாபகம் வந்தது. 2023 பிப்ரவரியில் ஒரு கடையில் விட்டேன்.

"அஞ்சு வருஷத்துக்கு அடியைக் குனிஞ்சே பார்க்க வேணாம் சார்" என்றார் கடைக்காரர். பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். காலையில் வாட்டர் சர்வீஸ், மதியம் கோட்டிங், சாயங்காலம் ஐந்து மணிக்கு டெலிவரி. லிஃப்டில் ஏற்றிக் காட்டினார்கள். அடி முழுக்கக் கருகருவென்று ஒரே சீராக இருந்தது. எனக்கும் சந்தோஷம். காலையில் தண்ணீர் பீய்ச்சிய வண்டியின் மடிப்பும் சந்தும் மதியத்துக்குள் எப்படிக் காயும் என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. உங்களுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வரும்போதே கருகல் நாற்றம். சூடாகும் சைலன்சரின் மேலேயும் கோட்டிங்கை அடித்துவிட்டிருந்தார்கள். போன் செய்தால் "ஓட ஓட சரியாயிடும் சார்" என்றார்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த இரவு மத்தூரில் எங்கள் ஷெட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் கழுவித் துடைத்து, கார்ப்பெட்டை வெயிலில் போட்டேன். வாரம் கழித்தும் பிரேக் போட்டால் கதவுக்குக் கீழே தண்ணீர் சளக்கென்று முன்னால் ஓடும் சத்தம் கேட்டது. வெள்ளத்தண்ணீர், தானாக வற்றிவிடும் என்று விட்டேன். 2025 ஜூனில் டிரைவர் சீட்டுக்குக் கீழே கால் வைத்த இடம் அமுங்கியது.

காவேரிப்பட்டணத்தில் வயதான டிங்கர் ஒருவர் இருக்கிறார். வண்டிக்குக் கீழே படுத்து ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், பொத். "தம்பி, இங்க வா, நீயே பாரு" என்றார். பட்டி போடும் தகட்டை விளிம்பில் நுழைத்து நெம்பினார். கருப்புத் தோல் கை நீளத்துக்கு உரிந்து வந்தது. உள்பக்கம் முழுக்க மீன் செதில் மாதிரி துருச் சில்லு ஒட்டியிருந்தது. அதற்கும் தகட்டுக்கும் நடுவே செம்மண். வெள்ளத்துக் களிமண் இல்லை, எங்கள் தோட்டத்து ரோட்டின் செம்மண், அப்படியே பாளமாக. கழுவினோம் என்றார்களே, அந்த மண்ணைக்கூட எடுக்காமல் அதன்மேலேயே அடித்திருக்கிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் வடிகால் ஓட்டை எல்லாவற்றையும் கோட்டிங் அடைத்திருந்தது. ஒன்றைக் குத்தித் திறந்தார், டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. ஆறு மாதத் தண்ணீர்.

பத்மினிக்கு லாரி மாதிரி அடியில் தனி சேசிஸ் சட்டம் கிடையாது. அடித்தகடும் அந்தப் பெட்டித் தகடும்தான் வண்டியையே தாங்குகின்றன. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இடம்வரை துரு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கிய வண்டி அது.

தார் கலந்த இந்த கோட்டிங் காய்ந்து இறுகும், பிறகு வெடிக்கும். அந்த வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் பூச்சை உள்ளிருந்தே தூக்கிவிடும். வெளியே பார்த்தால் கருப்பாக, நன்றாகவே தெரியும். அப்பா காலத்தில் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடிப்பார்கள். ரப்பர் புஷ்ஷுக்கு அது ஆகாது, உண்மைதான். ஆனால் துரு வந்தால் கண்ணுக்குத் தெரிந்தது.

உரித்த தோலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "வெள்ளத்துல நின்ன வண்டிக்கு கேரண்டி செல்லாது சார்" என்றார். செம்மண்ணைக் காட்டினேன். பதில் இல்லை. என்னிடம் இருந்ததோ எஸ்டிமேட் எழுதிய துண்டுச்சீட்டு மட்டும். முறையான பில்லும், கேரண்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதும் எழுத்தில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், கோட்டிங் அடிக்கும் முன்பு வெறும் தகட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய பூச்சும் துருவும் சுரண்டி, தகடு வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வெல்டிங் ஆக வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் அது ஈரத்தை உள்ளே விடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர் கேளுங்கள். தகடு இணைப்புகளில் சந்தை அடைக்கும் சீலர், அதற்கு மேல்தான் ரப்பர் கோட்டிங். பெட்டித் தகட்டுக்குள் நீள டியூப் விட்டு மெழுகு அடிக்க வேண்டும், அது இறுகாமல் சந்தில் ஊறி நிற்கும். இந்த வேலை ஒரே நாளில் ஆகாது. "காலையில விடுங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்று எவர் சொன்னாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி இப்போது காவேரிப்பட்டணத்தில்தான் இருக்கிறது. அடித்தகட்டில் பாதி புதிது. செலவு அந்த கோட்டிங் காசைப் போல ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. நேற்று சாயங்காலம் போனபோது பிரைமர் அடித்துச் சாம்பல் நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த பூச்சில் அடைபடாமல் இருக்க, ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலும் சைக்கிள் போக்ஸ் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார் பெரியவர்.